'தூங்கிவிட்டாயா?' என்ற செய்திக்குப் பதில் அனுப்பாதவருக்கு

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் 20 வயது மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது: விடுதியில் நான்கு அறை தள்ளி இருந்த வகுப்புத் தோழர் சென்ற மாதம் தற்கொலை செய்துகொண்டார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் இல்லை. பார்த்தால் சிரிப்பார்கள், நோட்டு மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு இரவு 11.40-க்கு அவரிடமிருந்து 'தூங்கிவிட்டாயா?' என்று ஒரு செய்தி வந்தது. மறுநாள் தேர்வு. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். காலையில் அது நினைவிலேயே இல்லை. வகுப்பில் அந்தத் தோழருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைச் சொல்லி மற்றவர்கள் சிரித்தபோது இவரும் சிரித்திருக்கிறார். "நான் பதில் அனுப்பியிருந்தால் உயிரோடு இருந்திருப்பானா? நண்பனே இல்லாத எனக்கு அழ உரிமை இருக்கிறதா? அவனுடைய கால்குலேட்டர் இன்னும் என் மேசையில் இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

தம்பி,

எதையும் சொல்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கே சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? 'நானும் போயிருக்கலாம்' என்று இரவில் தோன்றுகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, அதனால்தான் ஒளிக்காமல் கேட்கிறேன். பழகிய ஒருவர் தற்கொலையால் இறந்த பிறகு இளம் வயதினருக்கு இந்த எண்ணம் எட்டிப் பார்ப்பது அபூர்வம் இல்லை. வந்தால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். உடனே பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள், இரவில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. தமிழக அரசின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. அப்படி எண்ணம் எதுவும் இல்லை என்றாலும் முதல் எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். உங்கள் விடுதியில் உங்களைப் போல விழித்திருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் பதில் அனுப்பியிருந்தால் அவர் இருந்திருப்பாரா? தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 19 ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு உறுதியாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் 'உன்மேல் தப்பே இல்லை, விடு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்பால் சொல்கிறார்கள். ஆனாலும் அது உங்கள் மனத்தில் தங்கவில்லை. ஏன் என்றால், நீங்கள் செய்தியைப் பார்த்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உண்மையான ஒன்றை இல்லை என்று அவர்கள் துடைக்கிறார்கள், துடைக்கத் துடைக்க அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

எனவே நான் அதைத் துடைக்கப் போவதில்லை. ஒருவர் பேச வந்தார், நீங்கள் மறுநாளைக்குத் தள்ளி வைத்தீர்கள், மறுநாள் மறந்தீர்கள். இது நடந்தது. இதற்கு வருந்தலாம். தேர்வுக்கு முந்தைய இரவு, உங்கள் வயதில், உங்கள் விடுதியில் இருக்கும் எவரும் செய்யக்கூடிய சிறு தவறு அது. அதன் அளவு அவ்வளவுதான். ஒரு மனிதர் இறந்தது வேறு ஒன்று. அதன் அளவை என்னால் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டி, சின்னதைப் பெரியதற்குக் காரணமாக்கி, அந்த மூட்டையைத்தான் நீங்கள் ஒரு மாதமாகச் சுமக்கிறீர்கள். சிறு தவறைச் சிறு தவறாகவே கையில் வைத்துக்கொள்ள முடிந்தால், அதைப் பார்க்கவும் முடியும், தாங்கவும் முடியும்.

கால்குலேட்டர் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேர்வன்று காலை உங்களுடையது வேலை செய்யவில்லை. அவர் அறைக்குப் போனீர்கள். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "என்னிடம் இன்னொன்று இருக்கிறது, நீயே வைத்துக்கொள்" என்றார். பின்பக்கத்தில் காம்பஸ் முனையால் இனிஷியலும் ரோல் நம்பரும் கீறியிருந்தன. முந்தைய இரவுச் செய்தியைப் பற்றி அவரும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. 'அது அவன் விடைபெற்ற விதம், நான் முட்டாள், எனக்குப் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காலைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அன்று அது என்னவாக இருந்தது? வாயில் பற்பசை நுரையோடு ஒருவர் உங்களுக்கு ஒரு கால்குலேட்டர் இரவல் கொடுத்தார். அன்று அதில் வேறு எதுவும் தெரியவில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் அது விடைபெறலாக மாறியிருக்கிறது. மனம் இப்படிச் செய்யும் என்பது ஆய்வில் பதிவான விஷயம். 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு பத்தியைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். ஆங்கிலேயர் வென்றார்கள் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார், கூர்க்காக்கள் வென்றார்கள் என்று இன்னொரு குழுவுக்கு. முடிவே இல்லாமல் நின்றது என்றும் சொல்லிப் பார்த்தார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவுதான் முதலிலேயே அதிகம் எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று அந்தந்தக் குழுவினர் சாய்ந்தார்கள். படித்த பத்தி ஒன்றுதான். தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய போரிலேயே மனம் இப்படிச் சாயும் என்றால், பழகிய ஒருவரின் மரணத்தில் எவ்வளவு சாயும் என்று யோசியுங்கள். இப்போது அவர் வாங்கிய டீ, அவர் போட்ட சட்டை, மெஸ்ஸில் அவர் உட்கார்ந்த இடம் எல்லாமே உங்களுக்கு அறிகுறியாகத் தெரியும். இன்றைய அறிவை வைத்து அன்றைய உங்களை விசாரிக்கிறீர்கள். அன்றைய நீங்கள் அந்த விசாரணையில் ஒருபோதும் தப்ப முடியாது.

இப்படித் தேடுவது நீங்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் போஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் சந்தித்துப் பேசினார். அவர் 1944-இல் எழுதிய கட்டுரைதான் துக்கத்தைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் முன்னோடி. துக்கத்தில் இருப்பவர், மரணத்துக்கு முந்தைய நாட்களைத் துருவித் துருவி, தான் எங்கே தவறினோம் என்று தேடுகிறார், சின்னச் சின்ன விடுபடல்களைப் பெரிதாக்கித் தன்மேல் குற்றம் சாட்டிக்கொள்கிறார் என்று அதில் பதிவு செய்தார். அன்று மாலை தன்னோடு சண்டை போட்டுவிட்டுப் போன கணவன் தீயில் இறந்துவிட்டான் என்பதையே ஓர் இளம் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீயை மூட்டியது அவள் சண்டை இல்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

ஏன் நிறுத்த முடிவதில்லை? எனக்கு இதற்கு விடை கொடுத்தது ஒரு தமிழ்ச் சொல். மரணத்தைப் பாடும் பாட்டுகளுக்கு நம் பழைய இலக்கணத்தில் 'கையறுநிலை' என்று பெயர். செய்வதற்கு எதுவும் இல்லாமல் கை அற்றுப்போன நிலை. மனம் தாங்க முடியாத இடம் அதுதான். கை அற்றுப்போவதைவிடக் குற்றவாளியாக இருப்பது அதற்கு எளிது. 'நான் பதில் அனுப்பியிருந்தால்' என்று சொல்லும்போது, அவருடைய உயிர் ஒரு கணமாவது உங்கள் விரல் நுனியில் இருந்ததாக ஆகிறது; தடுக்கக்கூடியதாக இருந்தது, தவறவிட்டுவிட்டோம் என்று ஆகிறது. அது வலிக்கிறது, ஆனாலும் உலகம் ஓர் ஒழுங்கில் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றித் தருகிறது. அந்தக் குற்றவுணர்வைக் கீழே வைத்தால் அடியில் இருப்பது வெறும் துக்கம். நான்கு அறை தள்ளி ஒருவர் இருந்தார், இப்போது இல்லை, அதில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

விடுதியில் இப்போது ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அரியர் என்பார்கள், வீட்டுக் கடன் என்பார்கள், ஒரு பெண்ணின் பெயரை இழுப்பார்கள். அதில் சேராதீர்கள். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. வெளியே தெரியாத மனச்சோர்வு, நீண்ட நாள் அழுத்தம், அந்த நேரத்து உந்துதல், உதவி எட்டாத தூரம் எனப் பல சேர்ந்து ஓர் இடத்தில் முடிச்சாகிறது. நீங்கள் பதில் அனுப்பாததும் அப்படி ஒற்றைக் காரணம் ஆகாது. மற்றவர்கள் மேல் சுமத்தக் கூடாத கதையை உங்கள்மேல் மட்டும் ஏன் சுமத்திக்கொள்கிறீர்கள்?

பட்டப்பெயர் விஷயத்தை மட்டும் நான் வேறாகவே வைக்கிறேன். அது மரணத்துக்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அது தவறுதான். நீங்கள் ஆரம்பித்ததில்லை, கூடச் சிரித்ததுதான் என்றாலும், கேட்டவர் காதில் எல்லாச் சிரிப்பும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். இந்த ஒரு குற்றவுணர்வு உங்களுக்குச் சரியான ஒன்றைச் சொல்கிறது, அதைக் கேளுங்கள். உங்கள் வகுப்பில் பட்டப்பெயரோடு இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அடுத்த முறை அது வகுப்பில் எழும்போது, சிரிக்காமல் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிரசங்கம் வேண்டாம். இறந்தவரிடம் கேட்க முடியாத மன்னிப்பு, அடைய ஒரு திசை வேண்டும் என்றால், அந்தத் திசை இதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை மிகவும் வருத்தியது. அழ உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மிடம் சாவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. இன்னாருக்கு இன்ன முறை, இத்தனை நாள் தீட்டு, இவர் கோடி போட வேண்டும், அவர் தோள் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். அந்த வரிசையில் வகுப்புத் தோழனுக்கு இடம் இல்லை. அதிலும் தற்கொலை என்றால் வீட்டாரே வாயைப் பொத்திக்கொண்டு சீக்கிரம் முடிக்கிறார்கள், ஊர் கிசுகிசுக்கிறது. கல்லூரி இரண்டு நிமிட மௌன அஞ்சலியோடு அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கிறது. நீங்கள் எழுதியிருந்தீர்கள்: மறுநாள் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர் 37 என்றார், ஒரு மூச்சு நின்றார், 39 என்றார். வகுப்பில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த ஒரு மூச்சுதான் உங்கள் கல்லூரியில் அவருக்கு நடந்த உண்மையான அஞ்சலி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் அங்கீகரிக்காத இந்த வகைத் துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே தனியாகப் பெயரிட்டு எழுதினார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். விசாரிக்க ஆள் இல்லாததால் அது குறைந்துவிடுவதில்லை, வெளியேற வழியில்லாமல் வேறு உருவம் எடுக்கிறது. பல மாணவர்களிடம் அது குற்றவுணர்வாகத்தான் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அழ உரிமை இல்லை என்று நினைப்பவர், தன்னைத் திட்டிக்கொள்ளவாவது உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு தற்கொலை, அந்த மனிதரை அறிந்தவர்களில் சராசரியாக 135 பேரைத் தொடுகிறது என்று ஜூலி செரல் என்ற ஆய்வாளரின் குழு கணக்கிட்டது. அந்த 135 பேரில் குடும்பம் எத்தனை பேர் இருக்க முடியும்? மீதிப் பேர் உங்களைப் போன்றவர்கள்தான். அழுங்கள், தம்பி. நெருக்கத்தை நிரூபித்துவிட்டு அழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிரிக்கெட் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டு, உடனே அருவருப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில் தவறு எதுவும் இல்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள், ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அந்தப் படிகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான். உயிரோடு இருப்பவரின் துக்கம் அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என ஊஞ்சல் போல மாறி மாறிப் போகும் என்று மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999-இல் விளக்கினார்கள். சிரித்த அந்தப் பத்து நிமிடம் உங்கள் மனம் மூச்சு வாங்கிய நேரம். தொண்டை அடைப்பதும், பெருமூச்சு வருவதும், வயிறு காலியாக இருப்பது போன்ற உணர்வும் அலையலையாக வந்து 20 நிமிடம், ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். இதையும் அந்த லிண்டெமனே பதிவு செய்திருக்கிறார். ஆனால் தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வகுப்புக்கே போக முடியாமல் ஆனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கான பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போதும்.

கடைசியாகக் கால்குலேட்டர். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

1994-இல் நான் முதுகலை படித்தபோது, விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவர் பஸ் விபத்தில் இறந்தார். ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டி கனமாக இருக்கிறது, பஸ் நிலையம் வரை வருகிறாயா என்று கேட்டார். வகுப்பு இருக்கிறது என்றேன். நான் போயிருந்தால் வேறு பஸ்ஸில் ஏறியிருப்பாரோ என்ற எண்ணம் பல மாதம் என்னோடு இருந்தது. அவருடைய நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. பதினாறாம் நாள் கழிந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். அவருடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எழுத்து எங்கே அழுத்தமாக இருக்கிறதோ அங்கே விரலை வைத்துத் தடவினார். கடைசிப் பக்கம்வரை தடவினார். பிறகு, "நீ யாரப்பா, அவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். பக்கத்து அறை என்றேன். "அப்படியானால் அவன் இருமினால் உனக்குக் கேட்டிருக்கும்" என்றார். கேட்கும் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். பஸ் நிலையம் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், ஆனால் அங்கே உட்கார்ந்த பிறகு, அது அவர் தாங்க வேண்டிய சுமை இல்லை என்று தெரிந்தது.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் தோழரின் அம்மாவிடம் முதல் நாளிலேயே 11.40 செய்தியைப் பற்றிச் சொல்லி மனத்தை இறக்கி வைக்காதீர்கள். அவர்களும் இதே கேள்வியோடுதான் விழித்திருப்பார்கள். உங்களுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வேலைக்கு நான் இருக்கிறேன், உங்கள் கல்லூரி ஆலோசகர் இருக்கிறார், நம்பக்கூடிய ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். பிற்பாடு அவர்களாகவே கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டால், பொய் சொல்ல வேண்டாம். 'ஓர் இரவு தூங்கிவிட்டாயா என்று கேட்டிருந்தான் அம்மா, நான் மறுநாள் பேசலாம் என்று இருந்துவிட்டேன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். ஏன் செய்தான் என்று கேட்டால், தெரியவில்லை என்பதுதான் பதில்.

தனியாகப் போக வேண்டாம், வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய கூட்டமும் வேண்டாம். காலையில் போங்கள், சாயங்காலம் போனால் அவர்களுக்கு இரவு நீளமாகிவிடும். கால்குலேட்டரைத் துடைத்துப் புதிது போல ஆக்காதீர்கள், பின்பக்கத்தில் அவர் கீறியது அப்படியே இருக்கட்டும். தேர்வன்று காலை அவர் பல் துலக்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்ததையும், அதை வைத்துத்தான் நீங்கள் தேர்வு எழுதியதையும் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளை அந்த வாரத்தில் ஒருவருக்கு உதவியிருக்கிறான் என்பது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.